மாடி வீட்டுப் பால்

வடநெம்மேலியில் ஆனந்தன் கட்டிய மாடிப் போர்ஷனுக்கு முதன்முதலில் குடிவந்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவன் மனைவி பிரபாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை. வருகிறவர்கள் கறுப்போ சிவப்போ, ரொட்டி தின்கிறவர்களோ சோறு தின்கிறவர்களோ, அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. நல்ல நேரத்தில் வந்து, முறையாகப் பால் காய்ச்சிக் குடியேறினால் போதும்.

அந்த மாடி லேசுப்பட்ட மாடி இல்லை. ஆனந்தனும் பிரபாவும் படாளத்துப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பங்களில் பிறந்தவர்கள். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் தொழிலுக்காக இந்தக் கடற்கரைப் பக்கம் வந்து, எப்படியோ கீழ் வீட்டைக் கட்டி முடித்தார்கள். மாடி மட்டும் கம்பி நிறுத்தியதோடு நின்றுபோனது. கம்பி துருப்பிடித்து, அதில் காக்கை கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சும் பறந்துபோயிற்று. மதுராந்தகத்திலிருந்து வரும்போதெல்லாம் ஆனந்தனின் அக்கா சுஜாதா அண்ணாந்து பார்த்து, இதில் மனுஷர் குடியிருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவாள். அந்த வாயை அடைக்கவே மாடி எழும்பியது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே முதல் குடித்தனம் அங்கே நிலைத்து நிற்பது பிரபாவுக்கு மானப் பிரச்சினை.

யுக்கா என்கிற அந்தப் பின்லாந்துக்காரன் ஆனந்தனின் வேனில்தான் சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். பேச்சுவாக்கில் மாடி காலியாக இருப்பது தெரிந்து வந்து பார்த்தான். பால்கனியில் கடல் காற்று முகத்தில் அடிக்க, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டுச் சரி என்றான். ஆவணி பிறந்ததும் அவன் மனைவி கைசாவும் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மக்காச்சோளக் குஞ்சம் மாதிரி முடி. துணிகளுக்குப் பூப்போட்ட டிசைன் வரைகிற வேலை, அதையும் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்கிறவள். வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் வாத்தியார் வைத்துத் தமிழ் படித்திருந்தாள். எந்த வாத்தியாரோ, மேடையில் பேசுகிற தமிழாகப் பார்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பால் காய்ச்சுகிற வெள்ளிக்கிழமையன்று பிரபா விடியும்முன்பே எழுந்து மாடி வாசலில் மாக்கோலம் போட்டு, மாவிலை கட்டி, விளக்கேற்றி, புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தயாராக இருந்தாள். வந்தவர்கள் யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே கழற்றினார்கள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். கைசாவின் கையில் ஒரு தட்டு. அதில் கறுப்பாக வட்ட ரொட்டி ஒன்று, ஒரு கிண்ணம் உப்பு. புது வீட்டுக்குள் ரொட்டியும் உப்பும் போக வேண்டும் என்று அவள் அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாளாம். பிரபாவுக்கு அப்போதே பாதி மனசு குளிர்ந்துவிட்டது. உப்பை முதலில் உள்ளே கொண்டுபோகத் தெரிந்தவளுக்கு மற்றதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மொழிபெயர்க்க யுக்காவின் ஆபீசிலிருந்து ஷ்யாம் வந்திருந்தார். இந்த வீட்டில் நீங்கள் உங்கள் கையால் பால் காய்ச்ச வேண்டும், இது எங்கள் வழக்கம் என்று கைசாவிடம் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விட்டார். பால் பொங்கி வழிய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சாப்பிட உட்கார்ந்தவரிடம் வாயைத் திறங்கள் என்று யாராவது சொல்வார்களா?

கைசா அடுப்பு முன்னால் நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் கரண்டி, மறு கை அடுப்புத் திருகில், கண் பாலை விட்டு நகரவில்லை. பால் ஓரம் கட்டி, நுரைத்து, விளிம்பைத் தொட எழுந்தது. பிரபா கை கூப்பினாள். ஆனந்தன் பூஜை மணியை எடுத்தான். டக்கென்று கைசா அடுப்பை அணைத்தாள். நுரை உஸ்ஸென்று இறங்கிப் பாத்திரத்துக்குள் படுத்துக்கொண்டது. அவள் திரும்பி எல்லாரையும் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

யாருக்கும் பதில் சிரிப்பு வரவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் பொங்கவில்லை என்கிற சொல்லை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அது இன்னும் பெரிய அபசகுனம். ஆகவே பிரபா முகத்தைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தரம் வைக்கச் சொல்லுங்க என்று மட்டும் ஷ்யாமிடம் சொன்னாள். ஷ்யாம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

இரண்டாம் தடவை கைசா இன்னும் உஷாராகிவிட்டாள். பால் எழும்போது வாயால் ஊதினாள், தீயைக் குறைத்தாள். பிரபா பொறுக்க மாட்டாமல் இரண்டு கையையும் மேலே மேலே என்று தூக்கிக் காட்ட, அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவள் அவசரமாக அணைத்தாள். மூன்றாம் தடவை, எங்கே கற்றாளோ, மரக்கரண்டி ஒன்றைப் பாத்திரத்தின் குறுக்கே படுக்க வைத்தாள். பால் அதைத் தொட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. ஒரு சொட்டு கீழே விழவில்லை. சிந்தாத அடுப்பை ஒரு துணியால் துடைத்தும் விட்டாள். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. எல்லாருக்கும் சர்க்கரை போட்டுப் பால் கொடுத்தார்கள். பிரபா அதை வேப்பங்கஷாயம் போலக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் பிரபா மாடியைப் பார்த்தாள். தண்ணி மோட்டார் புகைந்தது, பால் பொங்காததால். வேன் டயர் கேளம்பாக்கத்தில் வெடித்தது, பால் பொங்காததால். மோட்டார் அரதப்பழசு, டயர் வழுக்கையாகி ஆறு மாதம் என்று ஆனந்தன் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். எப்படியோ சங்கதி மதுராந்தகம் வரை போய்ச் சேர, சுஜாதா போன் போட்டு, பால் பொங்கலையாமே என்று கேட்டாள். அன்றைக்குப் பிரபா வீட்டுப் பாத்திரங்கள் எழுப்பிய சத்தம் கடலைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

அவளுக்கு மாடிக்காரி மேல் இன்னொரு மனத்தாங்கலும் சேர்ந்தது. குடிவந்தவள் ஒரு நாள்கூடக் கீழே இறங்கி வந்து கதவைத் தட்டவில்லை. ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்று எதற்கும் வரவில்லை. பிரபா வைத்த கறிவேப்பிலை மரம் வளர்ந்து மாடி பால்கனிக்குள்ளேயே கிளை நீட்டியிருந்தது. அதிலும் அவள் ஓர் இலையைக் கிள்ளியதில்லை. படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் திருமதி பிரபா என்று சொல்லி, சுவரோடு ஒதுங்கி வழிவிடுவாள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் ஒரு தூக்கில் போட்டு ஆனந்தனிடம் கொடுத்து அனுப்பினாள் பிரபா. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் தூக்கு வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று, உள்ளே நன்றி என்று எழுதிய ஒரு அட்டையோடு. மணியை அடித்துக் கையில் கொடுத்திருந்தால் என்ன, விரல் தேய்ந்தா போய்விடும்?

யுக்கா அப்படியில்லை. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து ஆனந்தனோடு ஒட்டிக்கொண்டான். அவன் ஊரில் வீட்டுக்கு வீடு மரத்தால் ஓர் அறை கட்டி, அதில் அடுப்பு மூட்டிச் சூடேற்றி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பார்களாம். ஆனந்தன் அதைக் கேட்டதிலிருந்து, செங்கல்பட்டு வெயிலில் சும்மா கிடைக்கிற வேர்வைக்காக அங்கே அறை கட்டுகிறார்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். பிரபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மாடிக்காரியின் நடமாட்டத்தை மட்டும் காதால் கவனித்துக்கொண்டிருந்தாள். காலையில் அடுக்களைக்கும் பால்கனிக்கும் நடை. பகலெல்லாம் நாற்காலி நகரும் சத்தம். சாயந்திரம் காம்பவுண்டுப் பூனையைக் கூப்பிடும் குரல். அந்தப் பூனை மட்டும் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டே போனது. தினம் ஒரு பாக்கெட் பால் அதற்குத்தான் போகிறது என்று பால்காரர் மூலம் தெரிந்தபோது பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறைக்கு ஒரு சொட்டு பொங்க விடாதவள், பூனைக்குக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றுகிறாளே.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், சிறுசேரி டிரிப்பை இறக்கிவிட்டு வந்த ஆனந்தன் சாப்பிட உட்காராமல் வாசலிலேயே நின்றான். அவன் அப்படி நின்றால் நல்ல சேதி இல்லை. மாடிக்காரர்கள் தை பிறப்பதற்குள் காலி செய்கிறார்களாம். படூரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அங்கே போகிறார்களாம். யுக்காவுக்கே மனசில்லை, கைசாவுக்காகத்தான் போகிறான் என்றும் சொன்னான்.

சுஜாதா அண்ணாந்து பார்த்துச் சிரிக்கப் போவது பிரபாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. முதல் குடித்தனமே அரை வருஷம்கூடத் தங்காத வீட்டுக்கு இனி யார் வருவார்கள்? அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். தலைக்கு மேலே அந்த நாற்காலிச் சத்தம் இல்லாமல் போய்விடும் என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடிவந்த நாளுக்குப் பிறகு முதல்தடவையாக மாடிப்படி ஏறினாள்.

கதவைத் திறந்த கைசா அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தடுமாறி, வாருங்கள், தயவுசெய்து அமருங்கள் என்றாள். பிரபா அமரவில்லை.

"இன்னா கொற வெச்சோம் ஒனக்கு? தண்ணி வர்லியா, கரண்டு இல்லியா? இன்னாத்துக்கு வூட்ட உட்டுட்டுப் போற?"

குறை எதுவும் இல்லை, இது மிகவும் நல்ல வீடு என்று கைசா மெல்லச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சேர்த்தாள். "ஆனால் ஒருவரும் வரவில்லை, திருமதி பிரபா. நான் காத்திருந்தேன். ஒரு நாளும் நீங்கள் வரவில்லை."

"நீ கீய எறங்கி வர்றது? படியில முள்ளா போட்டு வெச்சிக்கிறேன்?"

"அழைக்காமல் எப்படி வருவது? எங்கள் ஊரில் அது தொந்தரவு. உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மிகவும் கவனமாக இருந்தேன்."

இத்தனை நாளாக இவள் சுவரோடு ஒதுங்கியதும், தூக்கை ஓசைப்படாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனதும் மரியாதையாம். அந்த மரியாதையைத்தான் பிரபா கீழே உட்கார்ந்துகொண்டு திமிர் என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கைசாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. முகம் மலர்ந்து, காபி தருகிறேன், பால் காபி என்று அடுக்களைக்கு ஓடினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். நீங்கள் ரெண்டு பேரும் பால் குடிப்பதில்லையே, பூனைக்குத்தானே வாங்குகிறாய் என்று பிரபா குத்தலாகக் கேட்டாள். தாங்கள் இருவரும் கறுப்புக் காபிதான் குடிக்கிறோம் என்று கைசா ஒத்துக்கொண்டாள். ஆனால் இங்கே விருந்தாளிக்குப் பால் காபிதான் கொடுக்க வேண்டும் என்று ஷ்யாம் சொல்லியிருந்தாராம். யாராவது வந்தால் இருக்கட்டும் என்று தினமும் காலையில் ஒரு பாக்கெட் வாங்கி வைப்பாளாம். சாயந்திரம் வரைக்கும் யாரும் வரவில்லையென்றால், வீணாக்க வேண்டாமே என்று பூனைக்கு.

பிரபா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஆவணியிலிருந்து தினம் ஒரு பாக்கெட். அத்தனையும் தனக்காக வாங்கிய பால். தான் குடிக்காமல் பூனை குடித்துக் கொழுத்த பால்.

கைசா அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விரல்களைக் கோத்துக்கொண்டாள். நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்கிற தோரணை.

"ஒன்று கேட்கலாமா? நான் அந்தத் தேர்வில் தோல்வி அடைந்தேனா?"

"எந்தப் பரிச்ச?"

"பால் தேர்வு. வீட்டுக்கு வருபவர் சமையலறையைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்று நீங்கள் பார்த்தீர்கள். மூன்று முறை வைக்கச் சொன்னீர்கள். பால் ஏறுகிறது, கவனம் என்று கையால் காட்டி உதவினீர்கள். நான் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அன்று இரவு, நூற்றுக்கு நூறு என்று யுக்காவிடம் சொன்னேன். ஆனால் உங்கள் முகம் மாறிவிட்டது. எங்கே தவறு செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை."

பிரபா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எது முதலில் என்று தெரியாமல் முட்டிக்கொண்டன.

"அய்யோ, அது பரிச்ச இல்லடி பொண்ணே. பால் பொங்கணும். பொங்கி வெளிய வழியணும். அப்பத்தான் வூடு நெறஞ்சி இருக்கும், வந்தவங்க நல்லா இருப்பாங்க. அதுக்குத்தான் அவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தோம். நீ இன்னாடான்னா..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கைசாவின் முதுகுக்குப் பின்னால் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. பால் வெள்ளையாகக் குமுறிக்கொண்டு எழுந்து விளிம்பைத் தாண்டியது. கைசா பதறித் திருகை நோக்கிப் பாய்ந்தாள். பிரபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாற்று முடிச்சுப் பிடித்த கை. அத்தனை லேசில் விடாது.

"உடு. தொடாத. வழியட்டும்."

இருவரும் நின்று பார்த்தார்கள். பால் பாத்திரத்தின் உடம்பெல்லாம் இறங்கி, அடுப்பை நனைத்து, மேடையில் ஓடி, ஓரத்திலிருந்து தரையில் சொட்டியது. பாலில் நெருப்பு அணைந்து கேஸ் கசிவதற்குள் பிரபாவே கடைசியில் திருகை மூடினாள். கெயக்கால வழியுது பாரு, ரொம்ப நல்லது என்று கைசாவின் தோளில் இடித்துக் காட்டினாள். கைசாவுக்குக் கிழக்குத் திசை புரிந்ததோ என்னவோ, பிரபாவின் முகம் புரிந்தது. சுத்தமாக இருந்த தன் சமையலறை நாறிப்போய்க் கிடப்பதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிரபாவும் துடைத்துக்கொண்டாள். ஆவணியிலிருந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போய்விட்டது.

தீய்ந்த வாசனை கீழே வரை போயிருக்க வேண்டும். ஆனந்தன் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்து, இன்னா தீயுது, இன்னா ஆச்சு என்று வாசலில் மூச்சு வாங்கினான்.

"ஒண்ணும் ஆவல," என்றாள் பிரபா. "பால் பொங்கிச்சி. மணி எடுத்துகினு வந்தியா?"

மிஞ்சியிருந்த பாலில் மூன்று காபி தேறியது. பிரபா காலி செய்கிற பேச்சை மறுபடி எடுக்கவில்லை. போகாதே என்று வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வரவில்லை. கேட்டு, கைசா இல்லை, போகத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டால்? கீழே வந்து சோறு வடித்தாள், துணி மடித்தாள். சாயந்திரம் யுக்கா வேனிலிருந்து இறங்கி மாடிக்குப் போனதும் அவள் காது கூரையிலேயே இருந்தது. மேலே வெகுநேரம் பேச்சு நடந்தது. அவர்கள் பாஷை அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஆனந்தன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

மறுநாள் காலை, பிரபா வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் கால்சத்தம் கேட்டது. கைசா இறங்கி வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம், காலியாக. இந்தத் தடவை சுவரோடு ஒதுங்கவில்லை. நேராக எதிரில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் கறிவேப்பிலை கிடைக்குமா, அக்கா?"

பிரபா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். அதன் உச்சிக்கிளை மாடி பால்கனிக் கம்பிக்குள் புகுந்து, நாற்காலிக்குப் பக்கத்திலேயே தழைத்துக் கிடந்தது. கையை நீட்டினால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே பறித்திருக்கலாம். கைசாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சமைக்கப் போற?" என்று கேட்டாள் பிரபா.

"இன்னும் தெரியவில்லை," என்றாள் கைசா. "படூர் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்."

பிரபா வாளியைக் கீழே வைத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்க் கை கொள்ளாமல் பறித்தாள். திரும்பி வரும்போது நடுவழியில் நின்று யோசித்தாள். ஒரே ஒரு கொத்தை மட்டும் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இவள் நாளைக்கு எதற்கு இறங்கி வருவாள்?